சவேரியார் திருநாளும் ஊர் விடுமுறையும்



ஆண்டுதோறும் நவம்பர் மாதக் கடைசியில் நம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலிருந்து ஒரு செய்திக்குறிப்பு வரும். கோட்டாறு புனித சவேரியார் பேராலயத் திருவிழாவை முன்னிட்டு டிசம்பர் 3-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை என்பது அதன் சாரம். நாம் தலைப்பை மட்டும் படித்துவிட்டு நாளிதழை மடித்துவிடுகிறோம். அந்தக் குறிப்பில் மேலும் இரண்டு செய்திகள் உண்டு. விடுமுறைக்கு ஈடாக ஒரு சனிக்கிழமை வேலைநாளாக இருக்கும் என்பது ஒன்று. 1881-ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்தின்கீழ் இந்த விடுமுறை வராது. ஆகவே மாவட்டக் கருவூலமும் கிளைக் கருவூலங்களும் அவசரப் பணிகளுக்காகத் தேவையான ஊழியர்களோடு இயங்கும் என்பது மற்றொன்று. இன்றைய என் பேச்சு முழுவதும் இந்த இரண்டு செய்திகளிலிருந்து கிளம்புவதுதான். ஒரு கத்தோலிக்கத் திருநாள் ஊருக்கே பொதுவான விடுமுறை நாளாகும்போது உண்மையில் யாருடைய வேலை நிற்கிறது, யாருடைய வேலை நிற்பதில்லை என்று நாம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாடு அரசின் பொது விடுமுறைப் பட்டியலில் கிறிஸ்தவர்களுக்கென இருப்பவை புனித வெள்ளியும் கிறிஸ்துமஸும். இரண்டும் எல்லாச் சபையாருக்கும் பொதுவானவை. புனிதர் ஒருவரின் நாளோ, மாதாவின் நாளோ பெரும்பாலும் கத்தோலிக்கருக்கே உரியது. மாநிலப் பட்டியலில் அதற்கு இடமில்லை. அந்த நாள்கள் மாவட்ட அளவில், உள்ளூர் விடுமுறையாகத்தான் வருகின்றன. ஆகஸ்ட் 5-இல் பனிமய மாதாவுக்குத் தூத்துக்குடி, வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு நாகப்பட்டினம், டிசம்பர் 3-இல் சவேரியாருக்குக் கன்னியாகுமரி. இதே வாசகங்களோடு, இதே ஈடுசெய்யும் சனிக்கிழமையோடு, மண்டைக்காடு பகவதியம்மன் கொடைக்கும் சுசீந்திரம் தாணுமாலயன் கோயில் தேரோட்டத்துக்கும் நம் மாவட்டத்தில் விடுமுறை விடப்படுகிறது. ஊர் பெயரும் கோயில் பெயரும் தேதியும் மட்டும் மாறும். 2011 கணக்கெடுப்பின்படி இம்மாவட்டத்தில் இந்துக்கள் ஏறத்தாழ 49 விழுக்காடு, கிறிஸ்தவர்கள் ஏறத்தாழ 47 விழுக்காடு. இப்படிப்பட்ட ஒரு மாவட்டத்தில் ஆணையின் வாசகம் எல்லோருக்கும் ஒன்றாக இருப்பது சிறிய காரியமில்லை. யாருக்கும் சலுகையும் இல்லை, யாருக்கும் குறைவும் இல்லை. இதை நான் மனதார மதிக்கிறேன்.

இனி டிசம்பர் 3 எப்படி வந்தது என்று பார்ப்போம். பிரான்சிஸ் சவேரியார் 1506 ஏப்ரல் 7-இல், இன்றைய ஸ்பெயினின் வடக்குப் பகுதியில் உள்ள நவார்ரா நாட்டில், ஹவியேர் கோட்டையில் பிறந்தார். அவர் சிறுவனாக இருக்கும்போதே, 1512-இல், நவார்ராவைக் காஸ்தீலியப் படை பிடித்துக்கொண்டது. 1516-இல் அவர் வீட்டுக் கோட்டையின் கோபுரங்கள் இடித்துத் தள்ளப்பட்டன. பாரிஸில் படித்தார், இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரோடு சேர்ந்து அதன் முதல் தோழர்களில் ஒருவரானார். 1542 மே 6-இல் கோவாவில் வந்து இறங்கி, அந்த ஆண்டே முத்துக்குளித்துறைக்கு வந்துவிட்டார்.

அவர் நம் கரையில் செய்த வேலையை 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் அவரே விவரிக்கிறார். தமிழும் போர்ச்சுகீசியமும் தெரிந்தவர்களை உட்கார வைத்து, விசுவாசப் பிரமாணம், பரலோக மந்திரம், பத்துக் கட்டளைகள் எல்லாவற்றையும் தமிழாக்கி, அதை மனப்பாடம் செய்துகொண்டார். பிறகு கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆண், பெண், பெரியவர், சிறியவர் எல்லோரையும் ஓரிடத்தில் கூட்டினார். 1544-இன் கடைசியில் திருவிதாங்கூர்க் கடற்கரை ஊர்களில் ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாக எழுதியிருக்கிறார். கோட்டாற்றில் கோயில் கட்ட வேணாட்டு அரசர் இடம் கொடுத்தார் என்பது மரபு. சீனாவுக்குள் நுழைய வழி பார்த்துக் காத்திருந்தபோது, சாங்சுவான் தீவில் ஒரு குடிசையில், 1552 டிசம்பர் 3-இல் இறந்தார். திருச்சபையில் புனிதரின் திருநாள் பெரும்பாலும் அவர் இறந்த நாள்தான். அந்தத் தேதிதான் இப்போது மாவட்ட ஆட்சியரின் குறிப்பில் இடம்பெறுகிறது.

கோட்டாற்றுத் திருவிழா பத்து நாள். எட்டாம் திருவிழா, ஒன்பதாம் திருவிழா, பத்தாம் திருவிழா என்றுதான் நம் வீடுகளில் சொல்வோம்; தேதியை யாரும் சொல்வதில்லை. அந்தக் கடைசி நாள்களில் தேர் வரும். தேருக்குப் பின்னால் ஈரத்துணியோடு சாலையில் விழுந்து எழுந்து கும்பிடு நமஸ்காரம் செய்துகொண்டே வருகிற பெண்களைப் பார்த்திருப்பீர்கள். உப்பும் நல்லமிளகும் பொட்டலமாக வாங்கித் தேரில் காணிக்கை போடுவார்கள். இந்த உப்பும் மிளகும் ரோமாபுரி வழிபாட்டு நூலில் எழுதப்பட்டவை அல்ல, பக்கத்து அம்மன் கோயிலிலும் இதே கைகள் இதே பொட்டலத்தைப் போடும். "கேட்ட வரம் தரும் கோட்டாறு சவேரியார்" என்று சொல்லி வேண்டுகிறவர்களில் ஞானஸ்நானம் பெறாதவர்கள் ஏராளம். அதே ஆலயத்தில்தான் 1752-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் கொல்லப்பட்ட தேவசகாயம் பிள்ளையின் கல்லறையும் இருக்கிறது. 2022 மே 15-இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார். ஆட்சியர் குறிப்பு வருவதற்கு முன்பே ஊர் இந்த நாளைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. அரசாணை அதைப் பதிவு செய்கிறது, அவ்வளவே.

கோவாவில் நிலைமை வேறு. அங்கே டிசம்பர் 3 மாநில அளவில் பொது விடுமுறை. வங்கிகளும் மூடியிருக்கும், ஈடுசெய்யும் சனிக்கிழமை கிடையாது. கோவாவின் மக்களில் கிறிஸ்தவர்கள் கால்பங்குதான். இந்துக்கள் மூன்றில் இரண்டு பங்கு. இருந்தும் 'கோயென்சோ சாய்ப்', அதாவது கோவாவின் தலைவர், என்று சவேரியாரை அந்த மாநிலமே அழைக்கிறது. நவம்பர் 24-இல் நவநாள் தொடங்கும். பழைய கோவாவில், அவர் உடல் வைக்கப்பட்டிருக்கும் போம் ஜேசு பேராலயத்துக்கு வெளியே திடலில் பந்தல் போட்டு, விடியற்காலை முதல் பூசைகள் நடக்கும். கர்நாடகத்திலிருந்தும் மகாராஷ்டிரத்தின் தென்பகுதியிலிருந்தும் கால்நடையாகவே வருகிறவர்கள் உண்டு. சாலையோரக் கடைகளில் கடலைமாவில் செய்து பொரித்து, இஞ்சி சேர்த்த வெல்லப்பாகில் புரட்டிய 'காஜே' என்ற இனிப்பைக் குவித்து வைத்திருப்பார்கள். அதை வாங்காமல் யாரும் வீடு திரும்புவதில்லை.

கோவாவில் இந்தப் புனிதர் அரசோடு எவ்வளவு நெருக்கமாகப் பிணைக்கப்பட்டார் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சொல்வேன். 1683-இல் மராட்டிய மன்னர் சம்பாஜியின் படை கோவாவை நெருங்கியபோது, போர்ச்சுகீசிய ஆளுநர் போம் ஜேசுவுக்கு ஓடி, தன் ஆட்சிக் கோலைச் சவேரியாரின் பேழைமீது வைத்து, இனி நீரே இந்த நாட்டை ஆளும் என்று ஒப்படைத்ததாகச் சொல்வார்கள். சம்பாஜி பின்வாங்கினார். அதன்பின் வந்த ஆளுநர்கள் பதவியேற்கும்போது அந்தக் கோலைப் புனிதரின் கல்லறையிலிருந்து பெற்றுக்கொள்வது வழக்கமாயிற்று. உடல் இருக்கும் வெள்ளிப் பேழையைக் கோவாவின் பொற்கொல்லர்கள் 1630-களில் செய்தார்கள். அதன்கீழுள்ள பளிங்கு மேடை தஸ்கனி நாட்டுப் பெருங்கோமகன் மூன்றாம் கோசிமோ அனுப்பியது. 1961 டிசம்பர் 19-இல் கோவா விடுதலை பெற்றது. ஆட்சிக் கோல் மரபு போயிற்று, திருநாள் போகவில்லை. பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் அவர் உடலின் பொதுக் காட்சி கடைசியாக 2024 நவம்பர் 21 முதல் 2025 ஜனவரி 5 வரை நடந்தது. கூட்டத்தை நடத்தும் பொறுப்பை உயர்மறைமாவட்டமும் அரசும் சேர்ந்தே ஏற்றன.

அவர் பிறந்த நவார்ராவிலும் டிசம்பர் 3 விடுமுறை. ஸ்பெயினின் தொழிலாளர் சட்டம் ஓர் ஆண்டில் ஊதியத்தோடு கூடிய விடுமுறை அதிகபட்சம் 14 நாள் என்று வரம்பு கட்டுகிறது. அதில் இரண்டு உள்ளூர்ப் பண்டிகைக்கு. ஒவ்வொரு தன்னாட்சிப் பகுதியும் தனக்குரிய நாள்களைத் தேர்ந்துகொள்கிறது. நவார்ரா தேர்ந்துகொண்டது சவேரியார் நாளை. அங்கே அது 'நவார்ரா நாள்' என்றே பெயர் பெற்றிருக்கிறது. பாம்ப்லோனாவில் அரசு விழா நடக்கிறது, பகுதியின் தங்கப் பதக்கம் வழங்கப்படுகிறது. அதே நாள்தான் பாஸ்க் மொழியின் நாளாகவும் 1949 முதல் கொண்டாடப்படுகிறது. சவேரியாரின் தாய்மொழி பாஸ்க். சாகும் தறுவாயில் அவர் பேசிய மொழி தனக்குப் புரியவில்லை என்று அருகிலிருந்த சீன இளைஞர் அந்தோனியோ பின்னால் சொன்னார். தாய்மொழிக்குத் திரும்பிவிட்டார் என்று பாஸ்க் மக்கள் உருக்கமாக நம்புகிறார்கள். ஆனால் ஹவியேர் கோட்டைக்கு ஆயிரக்கணக்கானோர் நடந்து போகும் பெரிய திருப்பயணம் மார்ச் மாதத்தில் நடக்கிறது. விடுமுறை நாளான டிசம்பர் 3-இல் அல்ல. டிசம்பரில் அரசு கொண்டாடுகிறது, மார்ச்சில் மக்கள் நடக்கிறார்கள். அரசு ஒரு நாளை முழுக்கத் தனதாக்கிக்கொண்டால் பக்தி தனக்கு வேறு நாள் தேடிக்கொள்ளும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இங்கே ஒரு கடினமான செய்தியையும் சொல்லியாக வேண்டும். 1546-இல் போர்ச்சுகல் மன்னருக்கு எழுதிய கடிதத்தில், கோவாவில் சமய விசாரணை மன்றம் வேண்டும் என்று கேட்டவர் இதே சவேரியார். அந்த மன்றம் அவர் இறந்து எட்டு ஆண்டு கழித்து, 1560-இல் வந்தது. இடையில் சிறிது காலம் நீங்கலாக 1812 வரை நீடித்தது. அது யூதர்களையும் மதம் மாறிவந்த புதுக் கிறிஸ்தவர்களையும் இந்துக்களையும் வருத்திய வரலாறு ஆவணங்களில் இருக்கிறது. கத்தோலிக்கரான நாம் இதை மறைக்கக் கூடாது. திருநாள் அன்று மேடையில் பேசுகிறவர்களும் இதைத் தாண்டிக் குதிக்கக் கூடாது. அதே நேரம், டிசம்பர் 3-இல் உப்பும் மிளகும் ஏந்தி வருகிற தாய் அந்தக் கடிதத்துக்கு வாக்களிக்க வரவில்லை. அவளுக்குச் சவேரியார் காய்ச்சல் குணமாக்கியவர், கடலில் போன மகனைத் திருப்பிக் கொடுத்தவர். விடுமுறை என்பது ஒருவரின் வாழ்க்கைக்கு அரசு கொடுக்கும் நற்சான்றிதழ் ஆகாது. ஊர் கூடும் நாளுக்கு அரசு வழிவிடுகிறது, அவ்வளவுதான். ஆகவே இந்த விடுமுறை இருக்கட்டும், அந்தக் கடிதமும் பாடமாகப் படிக்கப்படட்டும் என்பது என் நிலை.

இப்போது வேலைக்கு வருகிறேன். என் பேச்சின் மையம் இதுதான்.

பழைய ஞானோபதேசத்தில் திருச்சபைக் கட்டளைகளில் ஒன்று, ஞாயிறு, கடன் திருநாள்களில் முழுப்பூசை காண வேண்டும், உடலுழைப்பு வேலை செய்யக் கூடாது என்பது. வேலை செய்யக் கூடாது என்பது பண்ணையாருக்கு மட்டும் சொன்னதில்லை. அவர் வீட்டு வேலையாளும் உழவனும் ஓய வேண்டும். அவர்களை வேலை வாங்குவது முதலாளியின் பாவம். இடைக்கால ஐரோப்பாவில் கூலிக்காரனுக்குக் கிடைத்த ஓய்வு பெரும்பாலும் இந்தத் திருநாள்களால் வந்ததே. ஆனால் நாள் பெருகப் பெருகக் கூலியில்லாத நாளும் பெருகிற்று. வேலையில்லாவிட்டால் அடுப்பு எரியாது என்ற ஏழைகளின் முறையீட்டையும் எண்ணித்தான் 1642-இல் எட்டாம் உர்பன் பாப்பரசர் கடன் திருநாள்களைக் கணிசமாகக் குறைத்தார். 1911-இல் பத்தாம் பத்திநாதர் எட்டாகச் சுருக்கினார். இன்றைய திருச்சபைச் சட்டத்தில் பத்து. அவற்றிலும் சிலவற்றை விலக்கவோ ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றவோ ஆயர் பேரவைகளுக்கு அதிகாரம் உண்டு. ஆக, திருச்சபை இரண்டு பாடங்களைக் கற்றது. ஓய்வு எல்லோருக்கும் வேண்டும் என்பது முதல் பாடம், கூலி இல்லாத ஓய்வு ஏழைக்குப் பட்டினி என்பது இரண்டாவது பாடம்.

நம் கடற்கரை ஊர்கள் முதல் பாடத்தைத் தாங்களாகவே நடத்திக் காட்டுகின்றன. ஞாயிற்றுக்கிழமையும் ஊர்த் திருவிழா நாளிலும் மீன்பிடிக்கப் போவதில்லை என்பது பல கத்தோலிக்கக் கடலோர ஊர்களின் கட்டுப்பாடு. இதற்கு ஆட்சியர் குறிப்பு கிடையாது, சம்பளம் கிடையாது. எல்லோரும் போகாமல் இருந்தால்தான் கட்டுப்பாடு நிற்கும். ஒரு வள்ளம் மட்டும் இறங்கினால் அன்றைய சந்தை விலை முழுவதும் அந்த வள்ளத்துக்குப் போய்விடும். அதனால் ஊர்க்கமிட்டி சொல்கிறது, மீறினால் தண்டம் விதிக்கிறது. உழைக்கிறவர்கள் தங்களுக்குத் தாங்களே விட்டுக்கொண்ட விடுமுறை இது. எல்லோரும் ஒன்றாக நஷ்டப்படச் சம்மதிப்பதால் யாருக்கும் தனியாக அநியாயம் இல்லை. 2017-இல் நவம்பர் 29, 30 தேதிகளில் ஒக்கி புயல் அடித்து நம் ஊர் ஆண்கள் கரை திரும்பாமல் போனபோது, நாள்காட்டியில் சவேரியார் திருநாள் மூன்றே நாளில் வந்து நின்றது. கரையோர ஊர்களில் அன்று தேடலும் அழுகையும்தான் இருந்தன. அந்த ஊர்களுக்கு விடுமுறை என்றால் என்ன, திருநாள் என்றால் என்ன என்று யாரும் போய்ச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

கரையிலிருந்து நாட்டுப்புறம் போனால் காட்சி மாறுகிறது. டிசம்பர் 3 அன்று பள்ளியும் அரசு அலுவலகமும் மூடியிருக்கும். ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் தலைவிளக்கோடு பால்வெட்டப் போகிறவருக்கு அன்று விடுமுறையா? அண்டிஆபீசில் முந்திரிக்கொட்டை உடைத்து எடைக்குக் கூலி வாங்கும் பெண்ணுக்கு? 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தேசிய, பண்டிகை விடுமுறைகள்) சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் ஆகிய நான்கோடு, ஐந்து பண்டிகை நாள்களுக்கும் சம்பளத்தோடு விடுப்பு கொடுக்க வேண்டும் என்கிறது அச்சட்டம். அந்த நாளில் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், அல்லது சம்பளமும் இன்னொரு நாள் ஊதிய விடுப்பும் தர வேண்டும். திருச்சபை சில நூற்றாண்டுகள் எடுத்துக் கற்ற இரண்டாவது பாடம் இந்தச் சட்டத்தில் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. தொழிற்சங்கத்தார் அந்த ஐந்தில் ஒன்றாக டிசம்பர் 3-ஐக் கேட்டு வாங்க முடியும். கேட்கிறார்களா என்று ஒவ்வொரு சங்கத்தாரும் தங்களுக்குள் விசாரிக்கட்டும்.

திருவிழா நாளுக்கென்றே வேலை செய்கிறவர்களையும் பாருங்கள். கூடுதல் பேருந்து ஓட்டும் ஓட்டுநர், நடத்துநர். இரவு முழுக்கச் சந்தியில் நிற்கும் காவலர். பந்தல்காரர், பேண்டு வாத்தியக்காரர், மின் ஊழியர். தேர் போனபின் சாலையில் உருகிக் கிடக்கும் மெழுகையும் மிதிபட்ட உப்பையும் தேநீர்க் கோப்பைகளையும் விடிவதற்குள் கூட்டி அள்ளும் தூய்மைப் பணியாளர். நம் திருநாள் பொதுநாளாக இருப்பதே இவர்கள் கையால்தான். அரசு ஊழியருக்கு ஈடுசெய்யும் சனிக்கிழமை என்று அவ்வளவு கவனமாகக் கணக்குப் போடுகிறது அந்தச் செய்திக்குறிப்பு. ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்தக் கணக்கு எதுவும் இல்லை. மணியடித்துக்கொண்டு தெருவில் நடந்தவரின் நாளில் தெருவைக் கூட்டுகிறவர் மட்டும் விடுபட்டுப் போவதை நான் ஏற்கமாட்டேன்.

ஆகவே இந்த மேடையிலிருந்து ஒரு வேண்டுகோள். பங்குப் பேரவைகளிலும் திருவிழாக் கமிட்டிகளிலும் இருப்பவர்கள் இங்கே நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். அடுத்த ஆண்டுத் திருவிழா வரவுசெலவுத் திட்டத்தில், வாணவேடிக்கைக்கும் மின்விளக்குத் தோரணத்துக்கும் முன்னால், பத்து நாளும் ஆலயச் சுற்றுப்புறத்தைத் துப்புரவு செய்யும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் இரட்டைக் கூலியும் திருவிழா முடிந்தபின் ஒரு நாள் ஊதிய ஓய்வும் என்று ஒரு வரி எழுதுங்கள். மாநகராட்சியிடமும் ஒப்பந்ததாரரிடமும் அதையே எழுத்தில் கேளுங்கள். அண்டிஆபீஸ், ரப்பர் தோட்டம் நடத்துகிற கத்தோலிக்க முதலாளிகள் டிசம்பர் 3-ஐத் தங்கள் தொழிலாளருக்குச் சம்பளத்தோடு விடட்டும். வேலைக்கு வருகிறவர் எந்த மதத்தவர் என்று பார்க்காமல் எல்லோருக்கும் விடட்டும். அடுத்த நவம்பரில் ஆட்சியர் அலுவலகக் குறிப்பு வருவதற்குள் உங்கள் கமிட்டியின் குறிப்பு தயாராக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.